பெட்டியை யார் தூக்குவது? ஹனிமூன் தங்குமிடம் பற்றிக் கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கல்யாணப் புடவை எடுத்த கையோடு, பைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வருபவர்கள் நிறைய பேர். 19 வருடமாக டிக்கெட்டும் ரூமும் போட்டுத் தருகிறேன். தை முகூர்த்தம் நெருங்கினால் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வரும். அதனால் சேர்த்து வைத்துப் பதில் சொல்கிறேன். பெயர் வேண்டாம், பேட்டை போதும்.

கொருக்குப்பேட்டை: அக்கா, தாய்லாந்தில் 8 ராத்திரி. ஏஜென்ட் பாங்காக் 2, பட்டாயா 2, புக்கெட் 2, கிராபி 2 என்று போட்டுக் கொடுத்திருக்கிறார். நாலு ஊர் பார்த்த மாதிரி இருக்கும் இல்லையா?

நாலு ஊர் ரிசப்ஷனைப் பார்த்த மாதிரி இருக்கும் தம்பி. ரூம் மாறுகிற நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். டிபன் முடித்து, பெட்டி கட்டி, 12 மணிக்குள் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் 2 மணிக்கோ 3 மணிக்கோதான் சாவி தருவார்கள். நடுவில் விமானம் இருந்தால் அன்றைய பகல் போச்சு. மூன்று முறை மாறுகிறீர்கள். வருகிற நாளையும் கிளம்புகிற நாளையும் சேர்த்துக் கழித்தால், முழுசாகக் கையில் நிற்பது நாலே பகல்.

நானாக இருந்தால் கிராபியில் 5, பாங்காக்கில் 3 என்று வைப்பேன். பட்டாயாவை விட்டுவிடலாம். கிராபி இருக்கிற அந்தமான் கடல் பக்கமே போகிறவருக்குப் பட்டாயா கடற்கரை பெரிதாகத் தெரியாது. பாங்காக்கைக் கடைசியில் வையுங்கள். அங்கே வாங்கும் துணிமணியைத் தூக்கிக்கொண்டு தீவு தீவாக அலைய வேண்டாம். பாங்காக்கில் ரூம் எடுக்கும்போது ஸ்கைட்ரெயின் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரமா என்று மட்டும் பாருங்கள். அந்த ஊர் டிராபிக்கில் மூலக்கொத்தளம் ஜங்ஷன் தோற்றுவிடும்.

இன்னொன்று. சென்னையிலிருந்து அந்தப் பக்கம் போகும் விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி விடிகாலையில் இறங்கும். ஆறு மணிக்குப் போய் நின்றால் ரூம் கிடைக்காது. முகூர்த்தம், ரிசப்ஷன், மறுவீடு என்று ஒரு வாரம் சரியாகத் தூங்காத ரெண்டு பேர், கையில் மருதாணியோடு லாபி சோபாவில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடப்பார்கள். முந்தின ராத்திரிக்கும் சேர்த்து ரூம் போட்டுவிடுங்கள். காசு கொஞ்சம் வலிக்கும், ஆனால் அந்தப் பயணத்திலேயே நன்றாகச் செலவான பணம் அதுதான் என்று திரும்பி வந்து சொன்னவர்கள் உண்டு. "விடிகாலையில்தான் வருவோம்" என்று ஹோட்டலுக்கு எழுதியும் வையுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி ஆள் வரவில்லை என்று ரூமை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

பெரம்பூர்: பாலி போகிறோம். கேட்கக் கூச்சமாக இருக்கிறது அக்கா. ஹோட்டல் படங்களில் பெட்ரூமுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் வெறும் கண்ணாடிதான் தெரிகிறது. எல்லா இடத்திலும் அப்படித்தானா?

இதைக் கேட்க நினைத்து, கேட்காமலே போய் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் போனில் பேசிய பழக்கம்தான். முதல் நாளே கண்ணாடிச் சுவர் என்றால் யாருக்கும் சங்கடம்தான். என்னிடம் ரூம் போட்டுப் போன ஒரு தம்பி, மூன்று நாளும் காலையில் "வாக்கிங் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு லாபி டாய்லெட்டுக்கு இறங்கிப் போயிருக்கிறார். நாலாவது நாள் அந்தப் பெண்ணும் "நானும் வாக்கிங் வரேன்" என்று கிளம்பியிருக்கிறாள். அதற்கப்புறம்தான் ரெண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்களாம்.

எல்லா ஹோட்டலும் அப்படி இல்லை. படத்தில் மூன்று விஷயம் பாருங்கள். கண்ணாடிக்கு இழுத்துவிடும் திரை உண்டா? டாய்லெட்டுக்குத் தனிக் கதவு உண்டா? அந்தக் கதவு மேல்வரை மூடுகிறதா, பாதியில் நிற்கிறதா? தெரியவில்லை என்றால் ஹோட்டலுக்கு நேராக எழுதிக் கேளுங்கள். அவர்களுக்கு இது தினமும் வருகிற கேள்வி. பாலி வில்லாக்களில் வானம் தெரிகிற திறந்த குளியலறையும் உண்டு. படத்தில் அழகாக இருக்கும், சாயங்காலம் கொசு வரும்.

எங்கே தங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். முதலில் உபுத் 3 ராத்திரி, அப்புறம் சனூர் 3 ராத்திரி. ஏர்போர்ட்டிலிருந்து உபுத் 35 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். நுசா பெனிடா தீவுக்குப் படகு பெரும்பாலும் சனூரிலிருந்துதான் போகிறது, அங்கிருந்து ஏர்போர்ட்டும் பக்கம். தை, மாசியில் அங்கே மழைக்காலம் என்பதையும் கணக்கில் வையுங்கள். 'நியெப்பி' என்று அவர்களுக்கு ஒரு மௌன நாள் உண்டு, பெரும்பாலும் மார்ச்சில் வரும். அன்று ஏர்போர்ட்டையே மூடிவிடுவார்கள், ஹோட்டலை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

காசிமேடு: கிராபியில் ரெய்லேயில் தங்கலாமா, ஆவ் நாங்கிலா? ரெய்லேவுக்குப் படகில்தான் போகணுமாம். நமக்குப் படகு பயம் கிடையாது.

உங்களுக்குப் பயமில்லை, பெட்டிக்கு? ரெய்லே தீவு இல்லை, கரையோடு சேர்ந்த நிலம்தான். சுண்ணாம்புக்கல் மலை மறித்து நிற்பதால் ரோடு கிடையாது. ஆவ் நாங்கிலிருந்து நீள்வால் படகில் கால் மணி நேரம். மேற்குக் கரையில் இறங்கினால் முழங்கால் தண்ணீரில் நடந்து மணலேற வேண்டும். சக்கரம் வைத்த பெட்டி மணலில் என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் அங்கே ரெண்டு ராத்திரி தங்குங்கள் என்றுதான் சொல்வேன். பகலில் வந்து போகிற கூட்டம் சாயங்காலம் கலைந்த பிறகுதான் அந்தக் கரை அழகு. ஆவ் நாங்கில் தங்கிய ஹோட்டலில் பெரிய பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு, ரெண்டு நாள் துணியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு போய் வாருங்கள். அங்கே மீன் விலையைக் கேட்டுச் சண்டைக்கு மட்டும் நிற்க வேண்டாம்.

தண்டையார்பேட்டை: மாலத்தீவு, 4 ராத்திரி. கடல் விமானத்தில் போகும் ரிசார்ட். எங்கள் விமானம் மாலேயில் சாயங்காலம் 5 மணிக்கு இறங்கும். சரிதானே?

சரியில்லை. கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். பிற்பகல் மூன்றரை மணிக்கு முன்னால் இறங்கினால்தான் நம்பிப் போகலாம். 5 மணி என்றால் முதல் ராத்திரி ஏர்போர்ட் பக்கத்தில் ஹுல்ஹுமாலேயில் ஒரு சாதா ரூமில் கழியும். ரிசார்ட்டில் அந்த ராத்திரிக்கும் பணம் கட்டியிருப்பீர்கள். ஒன்று, விமான நேரத்தை மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீட் போட்டில் போகிற ரிசார்ட்டை எடுங்கள், அது இருட்டிய பிறகும் ஓடும்.

விலைக்குப் பக்கத்தில் ரெண்டு கூட்டல் குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சர்வீஸ் சார்ஜும் வரியும் இனிமேல்தான் ஏறும். பசுமை வரி தனி. 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டில் ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர், உங்கள் ரெண்டு பேருக்கும் 4 ராத்திரிக்கு 96 டாலர். கடல் விமானக் கட்டணம் இதில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள், அது தலைக்கு நூற்றுக்கணக்கான டாலர். சாப்பாடு மூன்று வேளையும் சேர்ந்த கட்டணமாக எடுங்கள். அந்தத் தீவில் அவர்கள் கடையைத் தவிர வேறு கடை இருக்காது, தண்ணீர் பாட்டிலுக்குக் கூட.

பட்ஜெட் இடித்தால் மாஃபுஷி மாதிரி மக்கள் வசிக்கும் தீவில் 2 ராத்திரி, ரிசார்ட்டில் 2 ராத்திரி என்று பிரிக்கலாம். மாஃபுஷியில் மது கிடையாது, நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். ரிசார்ட்டைப் பின்னால் வையுங்கள். முதலில் சொகுசைப் பார்த்துவிட்டால் அடுத்த ரூம் குறையாகத்தான் தெரியும்.

வியாசர்பாடி: அம்மா பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் கட்டித் தருகிறார். ரூமில் சமைக்கலாமா?

பொடி கொண்டு போங்கள், சாதம் வெளியே வாங்கிக்கொள்ளலாம். ரூம் கெட்டிலில் அரிசி வேக வைக்காதீர்கள், அடிப்பிடித்தால் அபராதம். சமையல் வேண்டுமென்றால் சின்ன அடுப்படியோடு வருகிற சர்வீஸ் அப்பார்ட்மென்ட் எடுங்கள். கோலாலம்பூர், பாங்காக்கில் தாராளமாகக் கிடைக்கும். ஆசைப்பட்டு டுரியான் பழத்தை ரூமுக்குள் கொண்டு போய்விடாதீர்கள், அதற்கும் அபராதம்.

கொளத்தூர்: பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், மொத்தம் 10 ராத்திரி. விசாவுக்கு ரூம் எல்லாம் முன்னாலேயே போடணுமா? வெனிஸில் மெஸ்த்ரே என்ற இடத்தில் மலிவாக இருக்கிறதே?

இந்த மூன்று நாட்டுக்கும் சேர்த்து வாங்குகிற ஷெங்கன் விசாவுக்கு ஒவ்வொரு ராத்திரிக்கும் முகவரி காட்ட வேண்டும், ஒரு ராத்திரி விட்டாலும் கேள்வி வரும். அதிக ராத்திரி தங்கும் நாட்டின் தூதரகத்துக்குத்தான் மனு. சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். விசா கைக்கு வரும்வரை, இலவசமாக ரத்து செய்யக்கூடிய ரூம்களை மட்டும் போடுங்கள். ரத்து செய்யக் கடைசித் தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். அதைக் கோட்டைவிட்டு ஒரு முறை என் கைக்காசை இழந்திருக்கிறேன்.

சுவிட்சர்லாந்தில் ஒரே இடம், 4 ராத்திரி. இன்டர்லாகன் போதும். அங்கே ஓஸ்ட், வெஸ்ட் என்று ரெண்டு ஸ்டேஷன். யுங்ஃப்ராவ் மலைக்கு ரயில் ஓஸ்டிலிருந்து கிளம்புகிறது, அதன் பக்கமாகப் பாருங்கள். ஹோட்டலில் தருகிற விருந்தினர் அட்டையைக் காட்டினால் உள்ளூர் பஸ் இலவசம். ஏ.சி. இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். டபுள் பெட் என்று போட்டிருந்தாலும் பல இடங்களில் ரெண்டு மெத்தையை ஒட்டி வைத்து, ரெண்டு தனிப் போர்வை மடித்து வைத்திருப்பார்கள். நடுவில் ஒரு பள்ளம் இருக்கும், புதுமணத் தம்பதிகளின் புகாரில் அதற்குத்தான் முதலிடம். ஒரே மெத்தை வேண்டும் என்று முன்னாலேயே எழுதுங்கள்.

மெஸ்த்ரே மலிவுதான். ரயிலில் பத்து நிமிஷத்தில் வெனிஸ். ஆனால் அது சாதாரண ஊர். வெனிஸில் 2 ராத்திரிதான் என்றால் தீவுக்குள்ளேயே தங்குங்கள் என்பேன். ஒரு நிபந்தனை: சாந்தா லூச்சியா ஸ்டேஷன் பக்கமோ, படகு நிறுத்தத்துக்கு ஒட்டியோ இருக்க வேண்டும். உள்ளே கார், ஆட்டோ எதுவும் கிடையாது. கால்வாய்க்குக் கால்வாய் படிக்கட்டுப் பாலம். வரைபடத்தில் 600 மீட்டர் என்று காட்டும் வழியில் நாலு பாலம் இருக்கலாம், ஒவ்வொன்றிலும் ரெண்டு பெட்டியையும் ஏற்றி இறக்க வேண்டும். கல்யாணம் முடிந்த முதல் சண்டை அங்கே வர வேண்டாம். நகர வரி தனியாகக் கேட்பார்கள், சில்லறை யூரோ வைத்திருங்கள்.

திருவொற்றியூர்: ஐப்பசியில் கல்யாணம், முடிந்ததும் கோ சமுயி போகலாமா?

வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தாய்லாந்தின் அந்தக் கிழக்குப் பக்கத் தீவுகளில் நம்மூர் மாதிரியே அடைமழை. மேற்கே புக்கெட், கிராபி பக்கம் நவம்பரில் வெளுக்கத் தொடங்கும்.

ராயபுரம்: செக்-இன் நேரத்தில் கார்டில் பணம் பிடிக்கிறார்களே, அது திரும்ப வருமா?

வரும். அது முன்பணம் மாதிரி நிறுத்தி வைப்பது. கிரெடிட் கார்டு கொடுங்கள். டெபிட் கார்டு என்றால் நிஜமாகவே கணக்கிலிருந்து பணம் போய், திரும்ப ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். மூன்று ஊரில் மூன்று ஹோட்டல் பிடித்து வைத்தால் செலவுக்குக் கையில் இருக்காது. வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கேயே ஆன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். ரூமும் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே இருக்கட்டும், பத்திரிகையில் அச்சடித்த பெயரில் வேண்டாம்.

புது வண்ணாரப்பேட்டை: லங்காவி 3, கோலாலம்பூர் 3 என்று திட்டம். கோலாலம்பூரில் பெரியப்பா வீடு இருக்கிறது. ஹோட்டலில் தங்கினால் கோபித்துக்கொள்வார் என்கிறார் அப்பா.

பெரியப்பா வீட்டில் தங்கினால் காலை ஐந்தரைக்குப் பெரியம்மா காபியோடு கதவைத் தட்டுவார். ஹால் முழுக்கச் சொந்தக்காரர்கள், பெண்ணுக்கு அது இன்னொரு மாமியார் வீடு. லங்காவியில் செனாங் கடற்கரையை ஒட்டி ரூம் எடுங்கள், சாயங்காலம் நடந்தே சாப்பிடப் போகலாம். கோலாலம்பூரில் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் எடுங்கள். ஏர்போர்ட் ரயில் சுமார் அரை மணி நேரத்தில் அங்கே கொண்டுவந்து விடும், பக்கத்திலேயே பிரிக்ஃபீல்ட்ஸ், இட்லி தோசைக்குக் குறைவில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு.

பெரியப்பாவிடம், "பேக்கேஜில் ரூம் சேர்ந்தே வந்துவிட்டது, ரத்து செய்தால் பணம் வராது" என்று சொல்லுங்கள். பழியை என் மேல் போட்டுவிடலாம், எனக்குப் பழக்கம்தான். ஒரு மத்தியானம் விருந்துக்குப் போய், உட்கார்ந்து சாப்பிட்டு, பெரியம்மாவுக்கு இங்கிருந்தே ஒரு நல்ல புடவை எடுத்துப் போய்க் கொடுங்கள். எங்கள் படிக்கட்டுக்குக் கீழேயே கடை இருக்கிறது.