படுக்கையை விட்டு எழுந்தால் கண் இருட்டுவது ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்த படுக்கையாக இருந்தார். காய்ச்சல் விட்டும், எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. விண்வெளியிலிருந்து திரும்பிய சுனிதா வில்லியம்ஸை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்களே, அதே சங்கதிதானா? இதயக் கோளாறா?

பதில்: பெரும்பாலும் அதே சங்கதிதான். விண்வெளியில் உடல் படும் பாட்டைத் தரையிலேயே ஆராய, நல்ல திடகாத்திரமான ஆட்களைத் தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்த்திய கட்டிலில் வாரக்கணக்கில் படுக்க வைப்பார்கள். உங்கள் அப்பா அதை ஊதியமில்லாமல் செய்திருக்கிறார்.

எழுந்து நின்றதும் அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் உடனே ரத்தக்குழாய்களைச் சுருக்கி, இதயத் துடிப்பைக் கூட்டி, மூளைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கின்றன. விண்வெளியில் இந்த வேலையே இல்லை. ரத்தம் தலைப்பக்கம் ஏறி முகம் உப்புகிறது, கால் சூம்புகிறது. நீர் மிஞ்சிவிட்டதாக உடல் தப்புக்கணக்குப் போட்டு, பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, 10 முதல் 15 சதவீதம் வரை குறைத்துவிடுகிறது. அங்கே அது போதும். தரையில்தான் பற்றாக்குறை தெரியும். 2006இல், வெறும் 12 நாள் பயணம் முடித்த அமெரிக்க விண்வெளி வீராங்கனை ஹைடிமேரி ஸ்டெஃபனிஷின்-பைப்பர், மறுநாள் வரவேற்பு மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்தார். 286 நாள் இருந்த சுனிதாவுக்கு ஸ்ட்ரெச்சர் வழக்கமான முன்னெச்சரிக்கை.

அப்பா எழும்போது, கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு இரண்டு மூன்று நிமிடம் உட்காரட்டும். பாதங்களை மேலும் கீழும் அசைக்கட்டும். கெண்டைக்கால் தசை சுருங்கினால்தான் ரத்தம் மேலே தள்ளப்படும். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கட்டும். இரவில் சிறுநீர் கழிக்க எழும் நேரத்தில்தான் பலர் விழுகிறார்கள், துணைக்கு ஒருவர் வேண்டும்.

விண்வெளி வீரர்கள் இறங்கும் முன் உப்பு மாத்திரையும் நிறையத் தண்ணீரும் எடுத்துக்கொள்வது உண்டு. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு அந்த வைத்தியத்தை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். படுத்திருக்கும்போதும், நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் அழுத்தத்தை அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பிரஷர், புராஸ்டேட் மாத்திரைகள் ஏதாவது சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ காத்திருக்கக் கூடாது. டைபாய்டில் குடலில் ரத்தம் கசிவதுண்டு. அப்போதும் இதே மாதிரிதான் தலை சுற்றும்.