கொசுறு கொடுத்தால் கட்டுப்படியாகுமா? சிறுகடைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணே, காய்கறிக் கடை போட்டு நாலு மாசம் ஆகுது. கறிவேப்பிலை, கொத்தமல்லியைச் சும்மாவே கேட்கிறாங்க. கொடுத்தா கட்டுப்படியாகுமா?

பதில்: கறிவேப்பிலை கொள்முதல் கிலோ 40 ரூபாய் என்று வையுங்கள். 15 கிராம் வீதம் கிள்ளினால் 66 பேருக்கு வரும். ஆளுக்கு 60 காசு. 120 ரூபாய்க்குக் காய் வாங்குபவரிடம் கழிவு போக உங்களுக்கு 20 ரூபாய் நின்றால், அதில் இது 3 சதவீதம். தயங்காமல் கொடுங்கள். கொத்தமல்லிதான் கணக்கில் நிற்காது, கைக்கு வந்தபடி பிய்த்துக் கொடுப்போம். காலையிலேயே கட்டைப் பிரித்துச் சின்னக் கொத்துகளாக்கி ஈரச்சாக்கில் சுற்றி வையுங்கள். வாடியதைக் கொசுறாகத் தள்ளிவிடாதீர்கள். வீட்டில் பையைக் கொட்டும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான், மற்ற காயையும் சந்தேகப்பட வைத்துவிடும்.

கேள்வி: ஐப்பசி மழையில கொத்தமல்லி விலை எகிறிடுதே?

பதில்: கொத்தமல்லியை நிறுத்திவிட்டு, கறிவேப்பிலையோடு இரண்டு பச்சைமிளகாய் போடுங்கள். "விலை இறங்கட்டும்மா, தர்றேன்" என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். தெரிந்தவருக்கு மட்டும் கொடுத்து, பக்கத்தில் நிற்பவருக்கு இல்லை என்பதுதான் ஆளை விரட்டும்.

கேள்வி: மிக்சர், காராசேவு உதிரியா விற்கிறோம். கால் கிலோவுக்கு மேல பத்து கிராம் போகுது. அப்படியும் "கம்மியா போடுறீங்க"ங்கிறாங்க.

பதில்: கை போகும் திசையில்தான் கோளாறு. பையில் நிறையக் கொட்டி, தராசு 270 காட்டியதும் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி டப்பாவில் திரும்பப் போடுகிறீர்கள். எதிரே நிற்பவர் பார்ப்பது நீங்கள் எடுப்பதை மட்டுமே. முதலில் 220-ல் நிறுத்துங்கள். சின்னக் கரண்டியால் ஏற்றி, 250 வருவதை அவரும் பார்க்கட்டும். பையைத் தராசிலிருந்து எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு அரைக்கரண்டி போடுங்கள். அதே பத்து கிராம்தான். கிலோ 320 ரூபாய் சரக்கென்றால் 3 ரூபாய் 20 காசு. இப்போது அது கொடையாகத் தெரியும்.

இன்னொன்று. இனிப்பை அட்டைப்பெட்டியோடு சேர்த்து நிறுத்துவிட்டு இரண்டு துண்டு கூடப் போடுவதைக் கொசுறு என்று சொல்லாதீர்கள். பெட்டி எடையைக் கழிக்காமல் விற்பது எடையளவுச் சட்டப்படி குற்றம். காலிப் பெட்டியை வைத்து, பூஜ்யமாக்கிவிட்டுத்தான் நிறுக்க வேண்டும். அளவு சரியாக இருந்தால்தான் அதற்கு மேல் கொடுப்பதற்கு மதிப்பு.

கேள்வி: கடன் கொடுக்கிறதும் தாராளம்தானே?

பதில்: இல்லை. கொசுறு அன்றோடு முடிந்துவிடும். கடன் மனசில் நிற்கும். பாக்கி ஏறினால் வெட்கப்பட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார், பணமும் ஆளும் சேர்ந்து போகும். சம்பளத்துக்குச் சம்பளம் தீர்ப்பவருக்கு மட்டும், நோட்டில் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: கடைப் பையன் வேண்டியவங்களுக்கு அள்ளிக் கொடுத்துடுறான்.

பதில்: கொசுறுக்குத் தனித்தட்டு வைத்து, அன்றைய அளவை அதில் போட்டுவிடுங்கள். தட்டு தீரும்வரை அவன் கையாலேயே கொடுக்கட்டும். ஒவ்வொரு முறையும் உங்கள் முகத்தைப் பார்க்க வைக்காதீர்கள்.

கேள்வி: ஜவுளிக்கடை. தீபாவளிக்குப் பரிசுப் பொருள் கொடுத்தா ஜிஎஸ்டியில சிக்கல் வருமா?

பதில்: தனியாக இலவசமாகக் கொடுக்கும் பொருளை வாங்கும்போது நீங்கள் கட்டிய ஜிஎஸ்டியை (உள்ளீட்டு வரி), நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்து வரவு எடுக்க முடியாது, ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவு தடுக்கிறது. 'ஒன்று வாங்கினால் ஒன்று' என்றால் இரண்டும் சேர்ந்த விற்பனை, வரவு கிடைக்கும். 2019 மார்ச்சில் வந்த ஜிஎஸ்டி சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியிருக்கிறது. பில்லில் இரண்டையும் காட்டுங்கள்.

கேள்வி: நான் டைலர்க்கா. என்கிட்ட கொசுறா கொடுக்க என்ன இருக்கு?

பதில்: நிறைய இருக்கிறதம்மா. ஜாக்கெட்டின் பக்கத்தையலில் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டு, கால் அங்குல இடைவெளியில் மூன்று வரிசைத் தையல் போடுங்கள். உடம்பு கூடினால் உடம்பை ஒட்டிய வரிசையைப் பிரித்துக்கொள்ளலாம். மிச்சத் துணியை மடித்து அதே பையில் வையுங்கள். பிய்ந்த கொக்கிக்குக் காசு வாங்காதீர்கள்.