கொலஸ்ட்ரோல் குளிசையும் கால் உளைவும்

நான் கிளிநொச்சிப் பக்கம் கனகாலம் மருந்தாளராக இருந்தவன், டொக்டர் இல்லை. கொலஸ்ட்ரோலைக் குறைக்கிற ஸ்ரற்றின் வகைக் குளிசை போட்டுக் கஷ்டப்படுகிறவர்களைக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

மல்லாவி, 56 வயது: அற்றோவஸ்ரற்றின் 40 மில்லிகிராம் தொடங்கி ஆறு கிழமை. இரண்டு தொடையும் உளையுது, குந்தினால் எழும்ப ஏலாது. குளிசைதானா அண்ணை?

இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தொடை, கண்டைக்கால், தோள் என்று பெரிய தசைகளில், தொடங்கிய சில கிழமைக்குள் வந்தால் சந்தேகம் கூடத்தான். ஒரு முழங்கால் மட்டும் என்றால் அது பெரும்பாலும் மூட்டுச் சங்கதி. அடுத்த கிளினிக் திகதி வரை இருக்காமல் போய்ச் சொல்லுங்கோ, தசை பாதித்திருக்கா என்று காட்டுகிற சிகே என்ற இரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். ஆனால் முந்தின நாள் முழுக்க மண்வெட்டி பிடித்துவிட்டுப் போய் இரத்தம் கொடுத்தால் அது எப்படியும் கூடித்தான் காட்டும், அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். தைரொயிட்டும் பார்க்கச் சொல்லுங்கோ. தைரொயிட் குறைந்தால் கொலஸ்ட்ரோலும் ஏறும், தசையும் நோகும், அதற்கு மேல் ஸ்ரற்றினும் சேர்ந்தால் நோ இன்னும் கூடும்.

முத்தையன்கட்டு: வயலில் நிற்கிறேன். மூன்று நாள் காய்ச்சல், கண்டைக்காலைத் தொட ஏலாது, கண்ணும் சிவப்பு. மனிசி கொலஸ்ட்ரோல் குளிசையை நிப்பாட்டச் சொல்கிறா.

தம்பி, குளிசைக் கதை இருக்கட்டும், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ. இன்றைக்கே. ஸ்ரற்றின் இப்படிக் காய்ச்சல் தராது. சேற்றில் நின்றவனுக்குக் காய்ச்சல், கண்டைக்கால் நோ, சிவந்த கண் மூன்றும் சேர்ந்தால் எலிக்காய்ச்சலைத்தான் முதலில் நினைக்க வேண்டும், அது சிறுநீரகத்தையும் ஈரலையும் அடிக்கும். வயலில் இறங்கியதைக் கேட்காவிட்டாலும் சொல்லு, குளிசையைக் கொஞ்ச நாள் நிறுத்துவதா என்பதை அங்கேயே தீர்மானிப்பார்கள். எலிக்காய்ச்சல் வராமல் இருக்கக் காலபோகத்துக்கு முன் பிஎச்ஐ (சுகாதாரப் பரிசோதகர்) கொடுக்கிற டொக்சிசைக்கிளின் குளிசையை எத்தனை பேர் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

மாங்குளம்: அப்பாவுக்கு உடம்பு முழுக்க நோ, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போகிறது.

குளிசையை நிப்பாட்டுங்கோ, இந்தப் பதிலை வாசித்து முடிக்காமல் கூட்டிக்கொண்டு போங்கோ. தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிற நிலையாக இருக்கலாம். மிக அரிது, ஆனால் வந்தால் விளையாட்டில்லை. அண்மையில் வேறு மருந்து போட்டாரா என்று பார்த்து, அதையும் கொண்டு போங்கோ. சிம்வஸ்ரற்றின் போடுகிறவருக்குச் சளிக்கென்று கிளரித்ரோமைசின் என்ற கிருமிகொல்லி மருந்தைக் கொடுத்தால் ஸ்ரற்றின் இரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். பாமசியில் மருந்து வாங்கும்போதெல்லாம் கிளினிக் கொப்பியை நீட்டச் சொல்வது இதற்காகத்தான்.

புதுக்குடியிருப்பு, அக்கா ஒருவர்: நெஞ்சில் இரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்ரென்ட் என்ற சின்னக் குழாய் வைத்தது. நோ தாங்காமல் குளிசையை நானே விட்டு இரண்டு மாதம். நோ போய்விட்டது. இனித் தேவையில்லைதானே?

அக்கா, நோ போனது நல்லது, ஆனால் ஸ்ரென்ட் வைத்த ஆளுக்கு இது நீண்ட இடைவெளி. உங்களை ஏச மாட்டேன், நானும் இதையே செய்தவன். சிம்வஸ்ரற்றின் கால் உளைவு தந்தபோது யாரிடமும் சொல்லாமல் ஆறு மாதக் குளிசையைச் சொப்பின் பையில் கட்டி அலுமாரிக்குள் வைத்தேன், கவுண்டரில் நின்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டே.

நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு கிழமை முதல் இரண்டு மாதத்துக்குள் நோ அடங்கும். அதன் பிறகுதான் வேலையே. அளவைக் குறைத்து, அல்லது வேறு ஸ்ரற்றினுக்கு மாறித் திரும்பத் தொடங்கலாம். அற்றோவஸ்ரற்றினும் றோசுவஸ்ரற்றினும் உடம்பில் நீண்ட நேரம் நிற்பதால் சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பார்கள். காணாவிட்டால் எசெற்றிமைப் என்ற வேறு வகைக் கொலஸ்ட்ரோல் குளிசையைச் சேர்ப்பார்கள். எனக்கு றோசுவஸ்ரற்றின் 5 மில்லிகிராம் ஒத்துக்கொண்டது, இப்போது ஒரு கரைச்சலும் இல்லை.

இன்னொன்று, கோபிக்க வேண்டாம். லண்டனில் நடந்த ஆய்வொன்றில் (2020) ஸ்ரற்றினை விட்டுவிட்ட 60 பேருக்கு சில மாதம் ஸ்ரற்றின், சில மாதம் மருந்தே இல்லாத வெறும் குளிசை, சில மாதம் ஒன்றுமே இல்லை என்று மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்ரற்றின் மாதத்தில் வந்த உபாதையில் 90 வீதம் வெறும் குளிசை மாதத்திலும் வந்தது. நோ பொய் என்று சொல்லவில்லை, அது உண்மையாகவே நோகும். ஆனால் பயமும் நோவைக் கொண்டு வரும். விளங்கிய பிறகு அவர்களில் பாதிப் பேர் திரும்பக் குளிசை தொடங்கினார்கள்.

வவுனியா: வளவில் பம்பளிமாசு காய்க்குது. சாப்பிடலாமா?

இடைக்கிடை இரண்டு சுளை பரவாயில்லை. தினமும் சாறு அடித்துக் குடிக்க வேண்டாம், முக்கியமாகச் சிம்வஸ்ரற்றின் என்றால். இதன் இனத்துப் பழமான கிரேப்புருட் அந்தக் குளிசையை இரத்தத்தில் ஏற்றிவிடும். றோசுவஸ்ரற்றினுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ஒட்டுசுட்டான்: குளிசையை விட்டு வெந்தயமும் உள்ளியும் சாப்பிட்டால் காணாதா?

கறிக்குப் போடுங்கோ, ருசி. குளிசைக்குப் பதிலாக அது காணாது. சரி, அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, என்னை மாதிரிக் குளிசையைக் கட்டி வைத்த சொப்பின் பை இருந்தால் அதையும் கொண்டு போங்கோ, மிச்சம் எத்தனை குளிசை என்று அவர்களும் எண்ணிப் பார்க்கட்டும்.