ரூட் கெனாலில் ஹைப்போவைத் தவிர்க்க முடியுமா?

புதிதாக கிளினிக் ஆரம்பித்திருக்கும் பல் மருத்துவர் ஒருவரின் கேள்வி: “ஹைப்போ (கெனாலைக் கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம்) விடவே பயமாக இருக்கிறது. 2% குளோர்ஹெக்ஸிடினை மட்டும் வைத்து ரூட் கெனாலை முடித்துவிடலாமா? ஒருமுறை இரண்டையும் அடுத்தடுத்து விட்டபோது உள்ளே செம்பழுப்பாக ஏதோ படிந்துவிட்டது, அது என்ன?”

முடியாது. குளோர்ஹெக்ஸிடின் கிருமியைக் கொல்லும், டென்டினில் (கெனாலின் சுவராக இருக்கும் பல் திசு) ஒட்டிக்கொண்டு கொஞ்ச காலம் வேலையும் செய்யும், ஆனால் பல்லுக்குள் இருக்கும் செத்த பல்ப் திசுவைக் கரைக்காது. ஃபைல் (கெனாலைச் சுரண்டும் மெல்லிய கருவி) எட்டாத இடுக்கிலும் பக்கக் கிளையிலும் கிடக்கிற திசுவைக் கரைப்பதற்கு சோடியம் ஹைப்போகுளோரைட்டைத் தவிர நமக்கு வேறு நல்ல வழி இல்லை. 0.5%-லிருந்து 5.25% வரைக்கும் பயன்படுத்துகிறார்கள். என்னைக் கேட்டால் 3% போதும், ஆனால் ஒவ்வொரு ஃபைலுக்கும் பிறகு புதிதாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் திசுவில் பட்டதுமே குளோரின் தீர ஆரம்பித்துவிடும்.

ஹைப்போவால் ஆகாதது ஒன்று உண்டு. ஃபைல் சுரண்டும்போது சுவரில் அப்பிக்கொள்ளும் ஸ்மியர் லேயர் என்ற மெல்லிய படலத்தில் இருக்கிற தாதுத் தூளை அது எடுக்காது. அதற்குத்தான் கடைசியில் தாதுவைக் கரைக்கும் 17% ஈடிடிஏ திரவம், ஒரு நிமிடம். ரொம்ப நேரம் விட்டால் டென்டினையே அரிக்கும். ஹைப்போவோடு கலந்தும் விடாதீர்கள், குளோரின் வீணாகிவிடும்.

நீங்கள் பார்த்த செம்பழுப்பு, ஹைப்போவும் குளோர்ஹெக்ஸிடினும் சேர்ந்ததால் வந்த வீழ்படிவு. டென்டின் குழல்களை அடைக்கும், பல்லில் கறையும் ஏற்றும். குளோர்ஹெக்ஸிடின் விட்டே ஆக வேண்டுமென்றால் நடுவில் சலைனால் (உப்புக் கரைசல்) நன்றாக அலசி, பேப்பர் பாயின்ட்டால் (ஈரம் உறிஞ்சும் காகிதக் குச்சி) உலர்த்திவிட்டு விடுங்கள் (ஈடிடிஏவோடு சேர்ந்தாலும் வெள்ளையாகத் திரியும்). சாதாரண கேஸ்களில் நான் அதைத் தொடுவதே இல்லை.

சரி, பயத்துக்கு வருவோம். ஹைப்போ வேர் நுனியைத் தாண்டி வெளியே போகும் விபத்து பெரும்பாலும் அழுத்தத்தால்தான் வருகிறது. பக்கவாட்டில் துளையுள்ள 30 கேஜ் ஊசியில் வொர்க்கிங் லெங்த்துக்கு (கெனாலுக்குள் கருவி போக வேண்டிய நீளம்) 2 மி.மீ. முன்னால் ரப்பர் ஸ்டாப்பை (ஆழத்தைக் குறிக்கும் ரப்பர் வளையம்) வையுங்கள். ஊசி கெனாலில் இறுகாமல் மேலும் கீழும் நகர வேண்டும். பிஸ்டனைக் கட்டைவிரலால் அழுத்தாமல் ஆள்காட்டி விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். வேர் நுனி திறந்திருக்கும் பல் என்றால் இன்னும் மெதுவாக. மரத்துப்போன நோயாளி திடீரென்று வலியில் துடித்தாலோ, கன்னம் கண்ணெதிரே வீங்கினாலோ உடனே நிறுத்துங்கள்.

ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் ரப்பர் விரிப்பு) இல்லாமல் ஹைப்போ பாட்டிலைத் திறக்காதீர்கள். சிரிஞ்சில் பெயர் எழுதி ஒட்டுங்கள், மரப்பு ஊசி என்று நினைத்து ஹைப்போவை ஈறில் குத்திய சம்பவங்கள் மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கின்றன. பாட்டிலை வெயில் படாத இடத்தில் வையுங்கள், வெளிச்சமும் சூடும் பட்டால் லேபிளில் 3% என்று இருந்தாலும் உள்ளே அவ்வளவு இருக்காது.