கோப்பை வென்ற வருடமெல்லாம் கடனும் வளர்ந்திருக்கிறது

கேள்வி: எனக்கு 32 வயது. ஐரோப்பாவில் தொழில்முறை ஹேண்ட்பால் வீரன், இடது பேக், அதாவது தூரத்திலிருந்து கையால் கோலுக்கு எறியும் இடத்தில் ஆடுகிறேன். இரண்டு முறை லீக் சாம்பியன் அணியில் இருந்திருக்கிறேன். இப்போதைய ஒப்பந்தம் இன்னும் 2 வருடம். வரி, ஏஜென்ட் கமிஷன் போக மாதம் கைக்கு வருவதை 100 என்று வைத்துக்கொண்டால், வீட்டுக்கடன் தவணை 22, குடும்பச் செலவு 36, அண்ணன் நடத்தும் உள்விளையாட்டு அரங்கத்தின் கடனுக்கு 27. மீதி 15 சேமிப்பு. இதே அளவில் இதுவரை சேர்த்தது 700.

அரங்கக் கடனில் நான் இணைக் கடன்தாரர். முதல் பெரிய ஒப்பந்தம் கிடைத்த 25 வயதில் எடுத்தோம், தவணை 14. 28 வயதில் லீக் வென்றபோது ஒரு டாப்-அப் (பழைய கடனோடு சேர்த்துக் கூடுதல் கடன்), மொத்தத் தவணை 20. 30 வயதில் மறுபடி சாம்பியன் ஆனதும் கிளப் மாறினேன், இன்னொரு டாப்-அப், தவணை 27. ஒவ்வொரு முறையும் 10 வருடக் கடன், வட்டி 9 சதவீதம். இப்போது இரண்டாவது அரங்கம் கட்ட அண்ணன் மூன்றாவது டாப்-அப் கேட்கிறார். தவணை 41, காலம் 12 வருடம். "பிரெஞ்சு நட்சத்திரம் கராபாட்டிச் 40 வயது வரை ஆடவில்லையா?" என்கிறார். சின்ன வயதில் என்னைத் தினமும் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர். மறுக்க மனம் வரவில்லை. போன சீசனில் எறியும் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த வாரம் வங்கியில் கையெழுத்து. ஏஜென்ட் ஒரு 15 வருடக் காப்பீட்டு முதலீட்டுத் திட்டமும், ஏதோ விளையாட்டு டோக்கனும் (இணையத்தில் வாங்கி விற்கும் டிஜிட்டல் நாணயம்) சொல்கிறார். தூக்கம் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: தம்பி, செலவை எழுதிவையுங்கள், அவசர நிதி வைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. 100 வருகிற வீட்டில் 36-க்குள் குடும்பம் நடத்துகிறவருக்கு அது தெரியாமல் இருக்காது. உங்கள் செலவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ஒரே ஒரு பழக்கம். ஒப்பந்தம் போட்டாலும், கோப்பை வென்றாலும், கிளப் மாறினாலும், அடுத்த வேலையாக அரங்கக் கடனை ஏற்றிவிடுகிறீர்கள்.

உங்கள் எண்களையே வைத்து ஒரு தோராயக் கணக்கு போட்டேன். 25 வயதில் எடுத்த கடன் ஏறக்குறைய 1,100. அன்று முதல் இன்று வரை 7 வருடத்தில் நீங்கள் கட்டிய தவணைகள்: 14 வீதம் 36 மாதம் 504, 20 வீதம் 24 மாதம் 480, 27 வீதம் 24 மாதம் 648. கூட்டினால் 1,630 சொச்சம். இன்றைய நிலுவை எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 1,840. வாங்கிய முதல் கடனைவிட அதிகமாகக் கட்டிவிட்டீர்கள், ஆனால் நிலுவை முதல் கடனைவிட அதிகமாக நிற்கிறது. கட்டியதில் பாதிக்கு மேல் வட்டிக்கே போயிருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். தவணைக் கடனில் முதல் சில வருடங்கள் வட்டிதான் பெரும்பகுதி. அசல் வேகமாகக் குறைவது கடைசி வருடங்களில். நீங்கள் 2, 3 வருடம் கட்டி, அசல் குறையத் தொடங்கும் நேரம் பார்த்து டாப்-அப் போட்டு, காலத்தை மறுபடி 10 வருடம் ஆக்கிவிடுகிறீர்கள். அதனால் எப்போதும் கடனின் ஆரம்ப வருடங்களிலேயே நிற்கிறீர்கள். வங்கிக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார். "உங்களுக்குத் தகுதி இருக்கிறது" என்று அவர்கள் சொல்வது அன்றைய சம்பளச் சீட்டைப் பார்த்து. உங்கள் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று இத்தனை முறையில் ஒருமுறையாவது கேட்டார்களா?

சரி, இப்போது கேட்கும் டாப்-அப்பைப் பார்ப்போம். 41 வீதம் 12 வருடம் என்றால் 144 மாதம், மொத்தம் 5,900 கட்ட வேண்டும். ஒப்பந்தம் உள்ள 2 வருடத்தில் கட்டுவது 1,000 கூட வராது. மிச்சம் 4,900-க்கு இன்று உங்கள் கையில் எந்த ஒப்பந்தமும் இல்லை. இன்னொரு 2 வருடம் நீட்டிப்பு கிடைத்து 36 வயது வரை ஆடினாலும் மீதி 3,900 இருக்கும், அதுவும் 8 வருடத்துக்கு. ஆட்டத்தை விட்டபின் பயிற்சியாளராகவோ வேறு வேலையிலோ இப்போதைய வருமானத்தில் 40 வந்தால் நல்ல தொடக்கம் என்றே சொல்வேன். அந்த 40-ல் வீட்டுக்கடன் 22, அரங்கம் 41, இரண்டும் சேர்ந்து 63. சாப்பாட்டுக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

கையெழுத்துப் போடாமல் இருந்தால்? ஒப்பந்தம் முடியும்போது நிலுவை 1,500 அளவில் இருக்கும். போட்டால் 3,240. 34 வயதில் இதில் எந்த எண்ணோடு அடுத்த ஒப்பந்தம் பேச உட்காரப் போகிறீர்கள்? பெரிய கடன் உள்ள வீரர், கிடைத்த சம்பளத்துக்குத் தலையாட்டுவார். வலியை மறைத்து ஊசி போட்டுக்கொண்டு களமிறங்குவார். எனக்கு இதுதான் பணத்தைவிடப் பெரிய கவலை.

கராபாட்டிச் பற்றி அண்ணன் சொன்னது பொய்யில்லை. நிகோலா கராபாட்டிச் 2024-ல் 40 வயதில்தான் ஓய்வு பெற்றார். 2020 அக்டோபரில் முழங்கால் தசைநார் கிழிந்து, அடுத்த வருடமே திரும்பி வந்து டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். கோல்கீப்பர் தியரி ஓமேயர் 42 வயது வரை ஆடினார். ஆனால் இவர்கள் பெயர் எல்லாருக்கும் தெரிவதற்குக் காரணமே அவர்கள் அபூர்வம் என்பதுதான். டென்மார்க்கின் மிக்கெல் ஹான்சனும் அந்த வரிசையில் உள்ளவர், பாரிஸ் ஒலிம்பிக் தங்கத்தோடு அவர் நிறுத்தியபோது வயது 36. உலகின் மிகச் சிறந்தவர்களே 36, 40 என்று நிறுத்தும்போது, எறியும் தோளில் கத்தி பட்ட பேக் ஆட்டக்காரர் 44 வயது வரை போகும் கடனில் எப்படிக் கையெழுத்துப் போடுவது? உங்கள் இடத்தில் ஆடுபவரின் தோள் ஒரு சீசனில் எத்தனை ஆயிரம் முறை சுழல்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உடம்பு ஒத்துழைத்தாலும் கிளப் நிற்குமா என்பது தனிக் கேள்வி. ஹேண்ட்பாலில் கால்பந்து அளவுக்குத் தொலைக்காட்சிப் பணம் கிடையாது. ஸ்பான்சர்களும், சில இடங்களில் ஒரே ஒரு பணக்காரரும்தான் சம்பளத்துக்கு ஆதாரம். ஏ.ஜி. கோபன்ஹேகன் 2010-ல் தொடங்கிய கிளப். 2011 மே மாதம் கோபன்ஹேகன் பார்கென் மைதானத்தில் 36,000 பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள், அன்றைக்கு அது உலக சாதனை. டென்மார்க் சாம்பியன், ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகின் கடைசி நான்கு அணிகளில் ஒன்று. 2012 கோடையில் திவால். ஹான்சன் அப்போது அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தார், பாரிஸ் கிளப்புக்குப் போனார். ஹான்சனுக்குக் கதவு உடனே திறக்கும். அதே அணியின் மாற்று ஆட்டக்காரருக்கு? ஹெச்.எஸ்.வி. ஹாம்பர்க் 2013-ல் சாம்பியன்ஸ் லீக் வென்றது, 2016 ஜனவரியில் சீசன் பாதியிலேயே ஜெர்மன் லீகிலிருந்து வெளியேறியது. அத்லெடிகோ மாட்ரிட் ஹேண்ட்பால் அணி 2012-ல் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி ஆடியது, 2013-ல் கலைக்கப்பட்டது. எல்லாம் சாம்பியன்கள் ஆடிய அணிகள். கிளப் திவாலானால் வீரரின் பாக்கிச் சம்பளம், கிளப்பிடமிருந்து பணம் வரவேண்டியவர்களின் வரிசையில் நிற்கும். வங்கித் தவணை மட்டும் அந்த மாதமும் சரியான தேதியில் கணக்கைத் தட்டும்.

இனி அண்ணன் விஷயம். உங்களைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனவர், அவருக்குச் செய்ய வேண்டும் என்ற மனம் இருக்கிறதே, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். செய்யுங்கள். ஆனால் கையில் இருக்கும் பணத்தைக் கொடுங்கள், கையெழுத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்த பணம் போனால் அதோடு முடிந்தது. கையெழுத்து உங்களையும், நாளைக்கு உங்கள் மனைவி, பிள்ளைகளையும் 12 வருடம் துரத்தும்.

இன்னொன்றையும் கவனித்தேன். இவ்வளவு நீளமான கடிதத்தில் அரங்கம் என்ன சம்பாதிக்கிறது என்று ஒரு வரி இல்லை. 7 வருடமாக நடக்கும் தொழில் தன் தவணையில் ஒரு பங்கைக்கூடக் கட்டவில்லை என்றால், இரண்டாவது அரங்கம் எதற்கு? முதலாவது நன்றாக ஓடுகிறது என்றால், தவணை ஏன் உங்கள் கணக்கிலிருந்து போகிறது? அண்ணனைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. கணக்கு கேட்பது சந்தேகம் ஆகாது, கடனில் உங்கள் பெயரும் இருக்கிறது.

அவரிடம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள், போனில் வேண்டாம். "அண்ணா, என் சம்பளம் இன்னும் 2 வருடத்துக்குத்தான் உறுதி. அதற்குமேல் போகிற எதிலும் இனி நான் கையெழுத்துப் போடமாட்டேன். இருக்கிற கடனை நாம் இரண்டு பேரும் சேர்ந்து முடிப்போம்" என்று சொல்லுங்கள். காரணத்தை ஏஜென்ட் மேலோ மனைவி மேலோ போடாதீர்கள். குறிப்பாக மனைவி மேல் போட்டால் அந்தக் கசப்பு உங்களுக்குப் பிறகும் வீட்டில் இருக்கும்.

அரங்கம் மாதம் 12 தர முடிந்தால், இந்த மாதத்திலிருந்தே தவணையில் 12 அதன் வருமானத்திலிருந்து போகட்டும். உங்கள் பங்கு 15 ஆகும். சேமிப்பு 15-லிருந்து 27 ஆகும். 24 மாதத்தில் 650 சேரும், கையில் உள்ள 700-ஓடு 1,350. இதில் 1,050-ஐத் தொடவே கூடாது. வீட்டுத் தவணை, குடும்பச் செலவு இரண்டும் சேர்ந்த 58-ஐ 18 மாதம் தாங்கும் தொகை அது. ஆட்டம் முடிந்து அடுத்த வேலை பிடிபடும் வரை உங்களைக் காப்பது அதுதான். அதற்கு மேல் உள்ளதையும், வருகிற போனஸ் முழுவதையும் அரங்கக் கடனின் அசலில் கட்டுங்கள். கட்டும்போது வங்கியில் தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று கேட்பார்கள். காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். முன்கூட்டி அடைக்க அபராதம் உண்டா என்பதையும் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரங்கம் 12 தர முடியாத நிலையில் இருந்தால், அதை வேறு ஒருவருக்குக் குத்தகைக்கு விடுவது, ஒரு பகுதியை விற்பது பற்றி இப்போதே பேச வேண்டும். கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் உங்கள் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதுதான் வங்கி உட்கார்ந்து பேசும், நல்ல விலைக்குக் காத்திருக்கவும் முடியும்.

ஏஜென்ட் சொன்ன காப்பீட்டு முதலீட்டுத் திட்டம் வேண்டாம். 2 வருட வருமானம் உறுதியாக உள்ளவருக்கு 15 வருடப் பிரீமியம் விற்பவர் யாருடைய நலனைப் பார்க்கிறார்? இடையில் நிறுத்தினால் என்ன திரும்பி வரும் என்று எழுத்தில் கேளுங்கள், பதில் வரும் வேகத்திலேயே விஷயம் புரியும். டோக்கனைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. ரசிகர்களின் ஆர்வத்தைத் தவிர அதன் பின்னால் சம்பாதிக்கும் சொத்து எதுவும் இல்லை. அந்த 1,050 வங்கி வைப்பிலேயே இருக்கட்டும். 10 வருடம் தொடவேண்டாத பணம் என்று பிறகு ஏதாவது மிஞ்சினால், செலவு குறைந்த குறியீட்டு நிதி (பங்குச்சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடரும் நிதி) போதும்.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது காயத்துக்கான காப்பீடு. கிளப் எடுத்திருக்கும் பாலிசி எவ்வளவு காலம், சம்பளத்தில் எத்தனை சதவீதம் தருகிறது என்று கேட்டு வாங்குங்கள். ஆட்ட வாழ்க்கையே முடிந்தால் தரும் தனிப் பாலிசி 32 வயதில் விலை அதிகம், அறுவை சிகிச்சை செய்த தோளை விலக்கிவிடவும் செய்வார்கள். விலக்கு உள்ள பக்கத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். தோள் விலக்கப்பட்டிருந்தால் உங்களுக்கு அதில் பாதிப் பயன் போய்விடும். அப்புறம், வெவ்வேறு நாட்டு கிளப்புகளில் ஆடியிருந்தால் ஒவ்வொரு நாட்டிலும் ஓய்வூதியத்துக்குக் கட்டிய பங்களிப்பின் ஆவணங்களை இப்போதே சேர்த்து வையுங்கள். 60 வயதில் தேடினால் பழைய கிளப் இருக்குமா என்பதே தெரியாது. பயிற்சியாளர் உரிமப் படிப்பையும் ஒப்பந்தம் இருக்கும்போதே தொடங்கலாம்.

வங்கிக்கு நாளைக்கே ஒரு மின்னஞ்சல் எழுதிவையுங்கள்: அடுத்த வாரக் கையெழுத்தை ரத்து செய்வதாகவும், இன்றைய நிலுவை, மீதி மாதங்கள், முன்கூட்டி அடைக்கும் விதிமுறை மூன்றையும் எழுத்தில் தரும்படியும். அண்ணனிடம் பேசிய பிறகு அனுப்புங்கள், வங்கி மூலம் அவருக்குத் தெரியவரக் கூடாது. அரங்கத்தின் கடைசி 12 மாத வரவு செலவு கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். 12 தாங்குமா, 18 தாங்குமா என்று பார்த்துவிடலாம்.