டிஜிட்டல் பொட்: தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: டிஜிட்டல் பொட்டில் (எண் அனுப்பி மதிப்பை மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர் சிப்) திருகும் குமிழும் இல்லை, உள்ளே நகரும் வைப்பரும் (ரெசிஸ்டர் மேல் உரசி நகரும் தொடுமுனை) இல்லை. அப்புறம் எப்படி ரெசிஸ்டன்ஸ் மாறுகிறது? (பாலிடெக்னிக் மாணவர், தர்மபுரி)

பதில்: உள்ளே ஒரே மதிப்புள்ள குட்டி ரெசிஸ்டர்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும், தம்பி. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு மாஸ்ஃபெட் (டிரான்சிஸ்டர் வகை) சுவிட்ச். எல்லா சுவிட்சுகளின் மறுமுனைகளும் சேர்ந்து ஒரே காலாக வெளியே வரும். அந்தக் கால்தான் வைப்பர். மைக்ரோகன்ட்ரோலர் ஓர் எண்ணை அனுப்பினால் அந்த எண்ணுக்குரிய சுவிட்ச் மட்டும் ஆன் ஆகும். எம்சிபி41010 என்ற டிஜிட்டல் பொட் சிப்பில் மொத்தம் 10 கிலோ ஓம், 256 படிகள். ஒரு படிக்கு சுமார் 39 ஓம். ஆன் ஆன சுவிட்சுக்கும் சுமார் 52 ஓம் உண்டு. அதனால் 0 அனுப்பினாலும் மீட்டர் 0 ஓம் காட்டாது. வைப்பரை ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) உள்ளீட்டில் கொடுத்தால் அந்த வழியில் கரன்ட் ஓடுவதே அரிது, 52 ஓம் இருப்பது தெரியாது. முடிந்தவரை இப்படி வோல்டேஜைப் பிரிக்கவே பயன்படுத்துங்கள்.

கேள்வி: தெருக்கூத்துக்கும் திருவிழாவுக்கும் மைக்செட் கட்டுகிறோம். புழுதியில் வால்யூம் பொட் கரகரக்கிறது என்று எம்சிபி41010 போட்டுப் பார்த்தேன். சத்தம் உடைகிறது, கடைசியில் சட்டென்று குதிக்கிறது. (ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக், அரூர்)

பதில்: கரகரப்புக்கு நீங்கள் தேடிய மருந்து சரிதான், இணைப்பைத்தான் மாற்ற வேண்டும். ஆடியோ சிக்னல் தரைக்கு (கிரவுண்ட், அதாவது 0 வோல்ட்) மேலும் கீழும் ஆடும். இந்தச் சிப்பின் கால்கள் 0 முதல் 5 வோல்ட் வரைதான் தாங்கும். சிக்னல் 0-க்குக் கீழே போனதும் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு நடத்தத் தொடங்கி, அலையின் பாதியை வெட்டிவிடும். அதுதான் உடைசல்.

5 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் 2.5 வோல்ட் கிடைக்கும். அந்தப் புள்ளியிலிருந்து தரைக்கு 100 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வையுங்கள். பொட்டின் கீழ்முனையைத் தரையில் கொடுக்காமல் இந்த 2.5 வோல்ட்டில் கொடுங்கள். மேல்முனைக்கு சிக்னல் ஒரு கப்பாசிட்டர் வழியாக வரட்டும். வைப்பரிலிருந்தும் ஒரு கப்பாசிட்டர் வழியாகவே வெளியேறட்டும். பொட்டின் குறுக்கே டிசி இல்லாததால் படி மாறும்போது 'டப்' சத்தமும் குறையும்.

அடுத்தது அந்தக் குதிப்பு. இது லீனியர் பொட், அதாவது ஒவ்வொரு படிக்கும் ஒரே அளவு மாறும்; நம் காதோ லாகரிதம் கணக்கில், அதாவது எத்தனை மடங்கு மாறியது என்றுதான் கேட்கும். 255-இலிருந்து 254-க்கு இறங்கினால் 0.03 டெசிபல்தான் குறையும், யாருக்கும் தெரியாது. 2-இலிருந்து 1-க்கு இறங்கினால் ஒரேயடியாக 6 டெசிபல்! புரோகிராமில் ஒரு அட்டவணை எழுதி, ஒவ்வொரு பட்டன் அழுத்தலுக்கும் சுமார் 2 டெசிபல் குறையும்படி எண்களைத் தேர்ந்தெடுங்கள். மேலே பெரிய தாவல், கீழே சின்னத் தாவல். இருந்தாலும் அடிப்பகுதியில் கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும்.

கேள்வி: 10 கிலோ ஓம் சிப் வாங்கினேன், மீட்டர் 8.7 காட்டுகிறது. போலியா? (பர்கூர்)

பதில்: இல்லை. மொத்த மதிப்பில் 20 சதவீதம் கூடக்குறைய இருப்பது இந்தச் சிப்பில் சகஜம். வைப்பர் அதை எந்த விகிதத்தில் பிரிக்கிறது என்பதுதான் துல்லியம்.

கேள்வி: எல்எம்317 (வோல்டேஜை மாற்றி நிலைநிறுத்தும் ரெகுலேட்டர் சிப்) பவர் சப்ளையில் பொட்டுக்குப் பதில் டிஜிட்டல் பொட் போட்டு 5 முதல் 24 வோல்ட் வரை மாற்றலாமா? (தொழிற்சாலை டெக்னீஷியன், ஓசூர்)

பதில்: நேரடியாக வேண்டாம். 24 வோல்ட் வெளியே வரும்போது பொட் இணையும் அட்ஜஸ்ட் காலில் 22.75 வோல்ட் நிற்கும். 5 வோல்ட் சிப் அப்போதே போய்விடும். பொட்டை 5 வோல்ட் ரெஃபரன்ஸைப் பிரிக்க விட்டு, அதை அதிக வோல்டேஜில் ஓடும் ஆப்-ஆம்ப்பால் சுமார் 4.55 மடங்கு பெருக்கி அட்ஜஸ்ட் காலுக்குக் கொடுங்கள்.

கேள்வி: பாலிஹவுஸ் ரோஜாவுக்கு எம்சிபி41010 வைத்து ஃபாகர் (பனிபோல் நீர் தெளிக்கும் கருவி) கன்ட்ரோலர் செய்தேன். கரன்ட் போய் வந்தால் வைத்த ஈரப்பத அளவு மாறிவிடுகிறது. (தளி)

பதில்: எம்சிபி41010-க்கு நினைவு இல்லை, ஒவ்வொரு முறையும் நடுப்படியில் எழுந்திருக்கும். எக்ஸ்9சி103 என்ற டிஜிட்டல் பொட்டைப் பயன்படுத்துங்கள். 100 படிகள், உள்ளேயே ஈஈபிராம் (கரன்ட் போனாலும் அழியாத நினைவகம்). ஐஎன்சி கால் (படியை நகர்த்தும் கால்) மேலே, அதாவது 5 வோல்ட்டில், இருக்கும்போது சிஎஸ் காலை (சிப்பைத் தேர்ந்தெடுக்கும் கால்) மேலே தூக்கினால் அந்தப் படி பதிவாகும். ஐஎன்சியைக் கீழே வைத்துத் தூக்கினால் பதிவாகாது. இதில் கவனம் தேவை, ஏனென்றால் பதிவுக்கான ஆயுள் 1,00,000 முறை. புரோகிராம் நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்தால் 70 நாளுக்குள் அது தீர்ந்துவிடும். நீங்கள் பட்டனை அழுத்தி அளவை மாற்றும்போது மட்டும் சேமிக்கும்படி எழுதுங்கள்.