வெட்டி எடுப்பதுதான் மென்மையான வழி

மதிப்புக்குரிய டொக்டர் அவர்களுக்கு,

நாங்கள் மல்லாவியில் இருக்கிறோம். அம்மாவின் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று சூத்தை விழுந்து உதிர்ந்துவிட்டது. முரசோடு ஒட்டிய வேர்கள் மட்டுமே மிச்சம். கராம்பெண்ணெயும் பனடோலுமாகக் காலம் போகிறது. முரசைக் கீறி, மெஷினால் பல்லை வெட்டி எடுக்க வேண்டிவரலாம் என்று வைத்தியர் சொன்னதிலிருந்து அம்மா அந்தப் பக்கமே வரமாட்டேன் என்கிறார். போர்க்காலத்தில் ஒரு பல் பிடுங்கும்போது உடைந்து அவர் பட்ட பாடு அப்படி. கைராசியான டொக்டர் என்றால் குறட்டால் ஒரே இழுவையில் எடுத்துவிடுவாராம். பல்லை வெட்டுவது கைதேராதவர்கள் செய்யும் வேலையா? என்னென்ன ஆயுதங்கள் பாவிப்பார்கள்?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கை,

அம்மா நம்பவேண்டியதற்குப் பயப்படுகிறார், பயப்படவேண்டியதை நம்புகிறார். அந்த நிலையில் உள்ள பல்லுக்கு ஆபத்தானது ‘ஒரே இழுவை’தான்.

நல்ல பல்லைக்கூட நாங்கள் இழுத்து எடுப்பதில்லை. குறட்டின் அலகை முரசுக்குக் கீழே வேர்வரை இறக்கி, மெல்ல அசைத்து, எலும்புக் குழியை விரிப்போம். இடம் விரிந்ததும் பல் தானே கழன்று வரும். முன்பு ஐரோப்பாவில் சாவி போன்ற ஒரு கருவியால் பல்லை முறுக்கி எடுத்தார்கள். அதில் பல் உடையும், சிலருக்குத் தாடையும் உடையும். 1840களில் லண்டனில் ஜோன் டோம்ஸ் என்பவர் ஒவ்வொரு பல்லின் கழுத்துக்கும் பொருந்தும் வகையில் குறடுகளை வடிவமைத்தார். இன்றைய குறடுகள் அந்த வழியில் வந்தவை. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கென்றே மாட்டுக்கொம்புபோல இரு கூர்முனை கொண்ட குறடும் உண்டு. ஆனால் எந்தக் குறட்டுக்கும் பிடிக்க ஏதாவது வேண்டும். சூத்தைப் பல்லை இறுக்கினால் அது பொடிந்து போகும்.

அங்கேதான் எலிவேட்டர் என்னும் நெம்பி வருகிறது. கைக்குள் அடங்கும் தடித்த பிடி, முனையில் குழிவான சிறு அலகு. பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் இருக்கும் மெல்லிய நார்ப்படை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் கால்வாசி அளவுதான். அந்த இடுக்கில் அலகை நுழைத்து மெதுவாகத் திருப்பினால் நார் அறும், வேர் அசையும். காணி வெட்டும்போது அடிக்கட்டையை அலவாங்கால் கிளப்புவதை அம்மா பார்த்திருப்பார். அதே தத்துவம்தான், ஆனால் இங்கே மணிக்கட்டின் திருப்பம் போதும். நான் அதிகம் கையில் எடுப்பது கூப்லாண்ட் என்ற நெம்பி. அதில் மூன்று அளவுகள் உண்டு, சிறியதில் தொடங்குவேன். ஒரு வேர் வந்து மற்றது நின்றுவிட்டால் கிறையர் என்ற இன்னொரு நெம்பி. முக்கோண முனையுடைய இது இடம், வலம் என்று சோடியாக இருக்கும். வெறுமையான குழிக்குள் அதை இறக்கி, நடுவிலுள்ள எலும்பைத் தாண்டி மற்ற வேரைக் கிளப்பலாம்.

இனி அம்மா பயப்படும் மெஷின், அதாவது ட்றில். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் முன்னொன்று, பின்னொன்று என இரண்டு வேர்கள். அவை இரு திசையில் வளைந்திருந்தால் ஒன்றாக வெளியே வரமாட்டா. பலவந்தம் செய்தால் வேரோ எலும்போ உடையும். நடுவால் பிளந்துவிட்டால் ஒவ்வொன்றும் தன் தன் வழியில் வரும். எலும்பு சூடேறாமலிருக்க நீர் பாய்ச்சியபடியேதான் வெட்டுவோம். இது கைதேராதவர்கள் செய்யும் வேலை அல்ல. எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது, நரம்பு எவ்வளவு அருகில் ஓடுகிறது என்பதெல்லாம் எக்ஸ்ரேயைப் பார்த்துத் தெரிந்திருக்க வேண்டும்.

போர்க்காலத்து வன்னியில் மின்சாரம் ஏது? மின்சாரம் இல்லாமல் ட்றில்லும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை. உடைந்த வேரைக் கண்ணாலும் கையாலும் மட்டுமே தேட வேண்டும். அம்மா பட்ட வேதனை உண்மையானது. அது எந்தக் கருவிகள் இல்லாததால் வந்ததோ அவற்றைத்தான் இன்று வைத்தியர் கையில் எடுக்கிறார் என்பதை அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். விறைப்பு ஊசி நோவை நிறுத்தும், அமுக்கத்தை நிறுத்தாது. தாடையை அழுத்துவது தெரியும், ‘கறக்’ என்ற சத்தமும் கேட்கும். அதை நோவென்று எண்ணித்தான் பலர் பதறுகிறார்கள். உண்மையிலேயே நொந்தால் கையை உயர்த்தச் சொல்லுங்கள். நிறுத்திவிட்டு மேலும் ஊசி போடலாம்.

அம்மா குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். சீனி வருத்தம், இரத்தம் உறையாமலிருக்கக் குடிக்கும் குளிசை, எலும்புத் தேய்வு மருந்து எதையும் மறைக்க வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பல் எடுத்த அன்று கொப்பளிக்கவோ காறித் துப்பவோ கூடாது, வெற்றிலையும் ஆகாது. குழியில் உறையும் இரத்தம் கழன்றுபோனால் இரண்டு மூன்று நாளில் கடும் நோவு வரும். அப்படி வந்தால் வைத்தியரிடம் திரும்பிப் போங்கள், குழியைக் கழுவி மருந்து வைப்பார்கள்.

பல் எடுக்கும் நாளுக்கு முன்பே கன்னமோ தாடையின் கீழ்ப்பக்கமோ வீங்கினால், வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டப்பட்டால், கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். இரவானாலும் வாகனம் பிடித்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.